தேக்கா விளக்குகளுக்கு மின்சாரம் எங்கிருந்து வருது?

தீபாவளி வந்தால் சிராங்கூன் ரோடே ஜொலிக்கும். படம் எடுக்காமல் யாராவது திரும்பி வருவோமா? அந்த விளக்குகளுக்கு மின்சாரம் எங்கிருந்து வருதுன்னு யோசிச்சிருக்கீங்களா?

சிங்கப்பூரின் மின்சாரத்தில் சுமார் 95 விழுக்காடு இயற்கை எரிவாயுவிலிருந்து கிடைக்கிறது. எரிவாயு முழுக்க இறக்குமதி. மலேசியா, இந்தோனேசியாவிலிருந்து குழாய் வழி வருகிறது. மற்றது திரவமாக, கப்பலில். 2021 இறுதியில் உலகச் சந்தையில் அதன் விலை எகிறியபோது, இங்கே சில மின்சார விற்பனை நிறுவனங்கள் கடையையே மூடின.

சரி, சூரிய சக்திக்கு மாறிடலாமே? வெயிலுக்கா பஞ்சம்! இடத்துக்குத்தான் பஞ்சம். புளோக் கூரைகளிலும் தெங்கே நீர்த்தேக்கத்திலும் சூரியத் தகடுகள் போட்டாச்சு. போதவில்லை.

அதனால் அண்டை நாடுகள். 2022 ஜூனில் லாவோஸின் நீர்மின்சாரம் தாய்லாந்து, மலேசியா வழியாக வரத் தொடங்கியது. அப்போது அதிகபட்சம் 100 மெகாவாட்தான். 2035க்குள் சுமார் 6 கிகாவாட் தூய மின்சாரத்தை இறக்குமதி செய்வது இலக்கு. தேவையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு!

சிக்கல் இங்கேதான். 2021 அக்டோபரில் மலேசியா, புதுப்பிக்கத்தக்க மின்சாரத்தைச் சிங்கப்பூருக்கு விற்கத் தடை போட்டது. சொந்த நாட்டுத் தேவை முதலில் என்பது அவர்கள் நியாயம். 2023 மே மாதம்தான் தடை நீங்கியது. எரிவாயுவை வேறு நாட்டிலிருந்து கப்பலில் வரவழைக்கலாம், தொட்டியில் சேமிக்கலாம். மின்கம்பியைத் திடீர்னு வேறு பக்கம் திருப்ப முடியாது.

ஒரே நாட்டை நம்பக்கூடாதுன்னுதான் இந்தோனேசியா, கம்போடியா, வியட்நாம், ஆஸ்திரேலியா திட்டங்களுக்கும் சிங்கப்பூர் நிபந்தனையோடு ஒப்புதல் தந்திருக்கிறது. கடலடிக் கம்பிகள் போடப் பல ஆண்டுகள் ஆகும். அதுவரை உங்கள் வீட்டு மின்கட்டணம் பெரும்பாலும் எரிவாயு விலையோடுதான் ஏறி இறங்கும்.