நீர்மூழ்கிப் பொறியும் நன்னூற் கணக்கும்

நன்னூல் செய்த பவணந்தி முனிவர், பொதுப்பாயிரத்திலே பாடங் கேட்டலின் வரலாறு கூறுமிடத்து ஒரு கணக்குச் சொல்லுகின்றார். ஆசிரியன் சொன்னதை மாணாக்கன் எத்துணைக் கருத்தோடு கேட்டுக்கொண்டாலும் அவனுக்குக் கிடைப்பது புலமையிற் காற்கூறே. உடன் பயில்வாரோடு கூடிப் பழகுவதால் மற்றொரு காற்கூறு வந்து சேரும். எஞ்சிய அரைக்கூறோ, கற்றதைப் பிறர்க்குச் செவ்வையாக எடுத்துரைக்கும்போதுதான் நிரம்பும். இது ஓலைச் சுவடிக் காலத்துக் கணக்கு. நூல் ஓதுவார்க்குப் பொருந்துமேயன்றிக் கருவி செய்வார்க்குப் பொருந்தாது என்று கருதுவார் உளர். விஞ்ஞான ஆசிரியர் சிலர் வாயிலாகவே அவ்வாறு கேட்டதுண்டு. அவர்கள் பொருட்டு, 2004 ஆம் ஆண்டிலே அமெரிக்காவில் நடந்த ஒரு பாடசாலைச் செய்தியை ஈண்டு விரித்துரைக்க விரும்புகின்றேன்.

அரிசோனா மாநிலத்தின் தலைநகராகிய பீனிக்ஸ் பாலைநிலத்து நகரம். அந்நகரின் மேற்குப் பகுதியிலே கார்ள் ஹேடன் என்பார் பெயரால் ஓர் உயர்நிலைப் பாடசாலை இருக்கின்றது. மெக்சிக்கோவிலிருந்து பிழைப்புத் தேடி வந்த ஏழைக் குடும்பங்களின் பிள்ளைகள் பலர் அங்குப் பயில்வர். வீட்டிலே அவர்கள் பேசுவது ஸ்பானிய மொழி. அங்கு விஞ்ஞானம் கற்பித்த பிரெடி லஜ்வார்டியும் கணினி கற்பித்த அலன் கமரனும் மாணவரைச் சேர்த்துப் பொறி செய்யும் கழகமொன்றை நடத்தி வந்தனர். கிறிஸ்தியன் ஆர்சேகா, லொரென்சோ சந்தில்லான், ஒஸ்கார் வாஸ்கேஸ், லூயிஸ் அராண்டா என்னும் நால்வர் அக்கழகத்தில் ஓரணியாயினர். நால்வரும் மெக்சிக்கோவிற் பிறந்தோர். ஒஸ்கார், கிறிஸ்தியன் முதலானோர் சிறு பிராயத்திலே உரிய பத்திரமின்றி அமெரிக்காவுக்குக் கொண்டுவரப்பட்டு அங்கேயே வளர்ந்தவர்கள். பிரசாவுரிமை இல்லாமை இன்னதென்பதை 1948 ஆம் ஆண்டுச் சட்டத்தின் பின்னர் எமது மலையகத்தார் பட்டறிந்தனர். ஆதலின் இந்நாட்டு வாசகர்க்கு அதனை விளக்க வேண்டுவதில்லை.

இந்நால்வரும் புகுந்த போட்டி, நீருக்குள் இறங்கிப் பணிசெய்யும் பொறியை மாணவரே திட்டமிட்டு மாணவரே செய்து இயக்கிக் காட்டும் போட்டி. கடல்சார் தொழினுட்பக் கல்விக்கென அமைந்த நிலையமொன்று அதனை நடத்தியது. பொறியை மேலிருந்து ஒரு வடத்தினால் இயக்கவேண்டும். அதனுள் அமைந்த ஒளிப்படக் கருவி காட்டுவதைத் திரையிற் பார்த்தே செலுத்தவேண்டும். பாலைத்திணைச் சிறுவர் நெய்தற்றிணைக்குரிய கருவியைச் செய்யத் துணிந்தமை எம்போன்றார்க்கு வியப்பாகத் தோன்றும். பாடசாலை மாணவர்க்கென ஒரு பிரிவும், அதனினும் கடினமாய்ப் பல்கலைக்கழக அணிகள் பங்குகொள்ளும் மற்றொரு பிரிவும் இருந்தன. ஆசிரியர் இருவரும் கடினமான பிரிவிலேயே அவர்களைப் பதிவு செய்தனர். எப்படியும் தோற்கத்தான் போகின்றோம். ஒத்தாரிடம் தோற்பதினும் பெரியாரிடம் தோற்பது மானக்கேடன்று என்பது அவர் கணிப்பு. உலகப் புகழ் வாய்ந்த மசச்சூசெற்ஸ் தொழினுட்ப நிறுவகத்தின் அணியும் அப்பிரிவிலேயே இருந்தது. அதிற் பன்னிருவர், அவர்களுக்குப் பொருளுதவி செய்தது ஒரு பெரிய எண்ணெய்க் கம்பெனி. கார்ள் ஹேடன் நால்வர் தம் நகரத்தாரிடம் கேட்டுச் சேர்த்த பணமோ ஏறக்குறைய 800 டொலர்.

பணம் குறைவாதலின் உலோகச் சட்டத்தை விடுத்து, வீடுகளுக்கு நீர் கொண்டுசெல்லும் பி.வி.சி. குழாய்களை வெட்டிப் பசையிட்டுப் பொருத்தினர். அப்பசையின் வாடையால் அப்பொறிக்கு ‘ஸ்ரிங்கி’ என்று பெயர் வந்தது. நாற்றமடிப்பது என்று பொருள். (நாற்றம் என்னுஞ் சொல் முன்னாளில் நறுமணத்தையுங் குறித்தது, அவ்வழக்கை எண்ணி அப்பெயரை யான் பொறுத்துக்கொள்கின்றேன்.) குழாய்க்குட் காற்று அடைபட்டிருப்பதால் பொறி மிதக்கும். ஆனால் மேலுதைப்பு மிகுந்துபோயிற்று; மூழ்கவேண்டிய பொறி மூழ்க மறுத்தது. இனிப் பாரம் ஏற்றவேண்டும். வெறும் இரும்பையோ ஈயத்தையோ கட்டித் தொங்கவிடலாம். பலரும் அவ்வாறே செய்வர். இவர்களோ, கரையில் இருக்கவேண்டிய மின்கலவடுக்கையே பொறிக்குள் ஏற்றினால் என்ன என்று எண்ணினர். வேண்டிய பாரமும் கிடைக்கும். மின்னைக் கரையிலிருந்து கொண்டுசெல்லும் தடித்த கம்பி வேண்டாமையால் வடமும் மெலியும். ஒரு துளை விழுந்து நீர் புகுந்தால் எல்லாம் போய்விடும் என்பதும் அவர்களுக்குத் தெரிந்தே இருந்தது. தெரிந்தே துணிந்தனர்.

தூரம் அளத்தற்கு லேசர் ஒளியால் அளக்கும் கருவியொன்றை இரவல் பெற்றனர். அக்கருவி காற்றில் அளக்கச் செய்யப்பட்டது. ஒளி போய்த் திரும்பும் நேரத்தைக் கொண்டு தூரத்தைக் கணிப்பது அதன் இயல்பு. நீரினுள் ஒளியின் வேகம் குறையும். நீரின் முறிவுச் சுட்டி ஏறக்குறைய 1.33. ஆகவே கருவி 8 அடி என்று காட்டினால் உண்மைத் தூரம் 6 அடியே. இச்சிறு திருத்தத்தை அறியாதவன் கையில் விலையுயர்ந்த கருவியும் பொய் சொல்லும். வெப்பமானியைப் பற்றி ஐயம் எழுந்தபோது, அத்தகைய கருவிகளை விற்கும் நிறுவனமொன்றைத் தொலைபேசியில் அழைத்து, தாம் செய்வதை எடுத்துச் சொல்லி, அறிவுரை பெற்றனர். தாம் செய்வது இன்னதென்று தொலைவிலுள்ள அயலானுக்கு விளங்கச் சொல்லும் பயிற்சி அங்கேயே தொடங்கிவிட்டது.

2004 ஆம் ஆண்டு யூன் மாதம் கலிபோர்னியாவிலுள்ள சாந்தா பார்பரா நகரத்துப் பல்கலைக்கழக நீச்சற்றடாகத்திலே போட்டி. ஒத்திகையிலே பொறி சொன்னபடி கேளாமற் சுழன்றது. எடுத்துத் திறந்து பார்த்தால், மின்னுறுப்புகளை வைத்திருந்த பெட்டியினுள் நீர்த்துளிகள். மெல்லிய கம்பிகளின் பற்றாசும் விட்டுப்போயிருந்தது. அஞ்சியது நடந்தே விட்டது! மறுநாட் போட்டி, புதுப் பெட்டி வாங்க நேரமுமில்லை, பொருளுமில்லை. கசிவை நிறுத்த முடியாதாயின் கசிந்த நீரை உறிஞ்சிக்கொள்ளும் பொருளொன்றைப் பெட்டிக்குள் வைக்கலாமன்றோ? அத்தகைய பொருள் யாது? பெண்கள் மாதவிலக்கின்போது பயன்கொள்ளும் பஞ்சுத் திரியே சிறிய இடத்தில் மிகுந்த நீரைக் கொள்ளவல்லது என்று முடிவாயிற்று. அதனை வாங்கி வரக் கடைக்கு அனுப்பப்பட்டவன் லொரென்சோ. பலவகை அடுக்கியிருந்த தட்டின்முன் நின்று திகைத்து, முன்பின் அறியாத பெண்மணி ஒருவரிடம் தன் பொறியின் துன்பத்தைச் சொல்லி, நன்கு உறிஞ்சுவது எது என்று கேட்டான். அவரும் தெரிந்து கொடுத்தார். இதனைப் பத்திரிகையில் எழுதுதல் தகுமோ என்று வினவுவார்க்குச் சொல்லுகின்றேன்: பதினாறு வயதுப் பையன் நாணத்தை விடுத்துக் கேட்ட அக்கேள்வியே அவ்வணியைக் காத்தது. நள்ளிரவு கடந்தும் கண்விழித்துக் கம்பிகளை ஒவ்வொன்றாகப் பற்றாசு பிடித்தனர்.

போட்டியன்று தடாகத்தின் அடியிலே நீர்மூழ்கிக் கப்பலொன்றின் மாதிரி வைக்கப்பட்டிருந்தது. அதன் நீளத்தை அளத்தல், ஆழத்தை அறிதல், மணியொன்றை எடுத்து வருதல் எனப் பணிகள் ஏழு. அவற்றுள் ஒன்று, அடியிற் கிடந்த சிறு பீப்பாயின் குறுகிய துளைவழியாக உள்ளிருந்த திரவத்தை எடுத்து வருதல். வளைந்த செப்புக் குழாய் ஒன்று, படகிற் சேரும் நீரை இறைக்கும் சிறு பம்பி ஒன்று, சிறுவர் விளையாடும் பலூன் ஒன்று: இவையே அதற்கு இவர்கள் செய்த கருவி. லூயிஸ் கரையில் நின்று வடத்தை விட்டும் இழுத்தும் கொடுக்க, மற்றவர் திரையைப் பார்த்துச் செலுத்தினர். குழாய் துளைக்குட் புகுந்தது, பலூன் பருத்தது. ஆயினும் தடாகத்துப் பணிகளை மட்டும் எண்ணினால் இவர்கள் முதலிடம் பெறவில்லை. மசச்சூசெற்ஸ் அணி முந்தியே நின்றது.

பிறகு ஏன் இவர்கள் வென்றனர்? அங்குதான் பவணந்தியார் கணக்கு வருகின்றது.

அப்போட்டியிற் புள்ளிகள் முழுவதும் பொறி செய்யும் வேலைக்கே அளிக்கப்படவில்லை. செய்தவர்கள் நடுவர் முன் அமர்ந்து தாம் செய்ததன் காரணங்களை வாயாற் கூறவேண்டும். தொழினுட்ப அறிக்கையொன்றும் எழுதித் தரவேண்டும். இவ்விரண்டுக்கும் கணிசமான புள்ளி உண்டு. நடுவருள் கடற்படை ஆராய்ச்சித் துறையினரும் விண்வெளி நிறுவனத்தாரும் இருந்தனர். காற்றில் அளக்கும் லேசர் நீரில் எவ்வாறு அளக்கும் என்று கேட்டனர். முறிவுச் சுட்டியைச் சொல்லி விளக்கினர். வடத்திற் செல்லும் சைகைகள் ஒன்றையொன்று குழப்பாமற் செய்தது எவ்வாறு என்று கேட்டனர். தாம் சோதித்துப் பார்த்ததைச் சொல்லினர். பிற அணிகளைப் போலக் கணினித் திரையிற் படவில்லை காட்டாதது ஏன் என்று ஒருவர் வினவியபோது, என்ன சொல்வதென்று தெரியாதவர்க்கே அது வேண்டும் என்னும் கருத்துப்படக் கிறிஸ்தியன் விடையிறுத்தான். சற்றுத் துடுக்கான விடைதான். ஆனால் அதனைச் சொல்லும் உரிமை அவனுக்கு இருந்தது.

முடிவு அறிவித்தபோது அழகிய அமைப்புக்கான பரிசு இவர்களுக்கு வந்தது. தொழினுட்ப எழுத்துக்கான பரிசும் இவர்களுக்கே. இறுதியில் ஒட்டுமொத்த முதலிடமும் இவர்களுக்கே. மசச்சூசெற்ஸ் அணி இரண்டாவது. இவற்றுள் என் நெஞ்சைத் தொட்டது எழுத்துக்கான பரிசு. ஆங்கிலம் இவர்களுக்கு வீட்டு மொழியன்று. அம்மொழியிலே பிறந்து வளர்ந்த பல்கலைக்கழக மாணவர் எழுதியவற்றினும் இவர்கள் எழுதிய அறிக்கை தெளிவாக இருந்தது என்று நடுவர் கண்டனர். சொல்லவேண்டிய பொருள் தம் கையாற் செய்த பொருளாயிருந்தமையே அதற்குக் காரணம் என்பது என் துணிபு. கட்டுரை வகுப்பிலே ‘கடலின் அழகு’ என்று தலைப்பிட்டு எழுதச் சொல்லும்போது பேனாவைக் கடித்துக்கொண்டிருக்கும் மாணவன், தான் பொருத்திய பம்பி ஏன் முதலில் இறைக்கவில்லை, பின்னர் எவ்வாறு இறைத்தது என்று எழுதச் சொன்னால் இரண்டு பக்கம் எழுதுவான். அவ்வெழுத்தைத் திருத்துவதற்குத் தமிழாசிரியனும் விஞ்ஞான ஆசிரியனும் ஒரே மேசையில் இருக்கவேண்டும்.

நம் பாடசாலைக் கண்காட்சிகளை நினைக்குந்தோறும் இவ்விடயம் உறுத்துகின்றது. மேசைமீது அழகிய பாலமொன்று, அல்லது காற்றாடியொன்று நிற்கும். அருகே மாணவன் மனனஞ் செய்த நாலு வாக்கியத்தை ஒப்புவிப்பான். இந்தத் தூண் ஏன் இங்கே என்று கேட்டுவிட்டால் தூரத்தில் நிற்கும் தகப்பனாரைத் திரும்பிப் பார்ப்பான். பொருளைக் கண்டு புள்ளியிடும் நடுவர்க்குத் தச்சன் கைவேலை தெரியுமேயன்றி மாணவன் அறிவு தெரியாது. லஜ்வார்டியும் கமரனும் வேலையைத் தாமே செய்து கொடுத்திருந்தால் பொறி இன்னும் சீராக ஓடியிருக்கக்கூடும். நடுவர் முன் அந்நால்வரும் ஊமையராயிருந்திருப்பர்.

யோஷுவா டேவிஸ் என்னும் எழுத்தாளர் 2005 இல் இச்செய்தியை ஒரு சஞ்சிகையில் எழுதி உலகறியச் செய்தார். 2014 இல் நூலாகவும் விரித்தார். 2015 இல் ‘ஸ்பெயர் பார்ட்ஸ்’ என்ற திரைப்படமும் வந்தது. படத்திலே ஆசிரியர் இருவரையும் ஒருவராக்கிவிட்டனர். கதைக்கு அது வசதியாயிருக்கலாம். இருவர் கூடி உழைத்த பாடசாலைக்கு அது நியாயமன்று.

பரிசு பெற்ற நால்வர்க்கும் வழி எளிதாகிவிடவில்லை. 2006 இல் அரிசோனா வாக்காளர் நிறைவேற்றிய ஒரு பிரேரணை, பத்திரமில்லாத மாணவர் அம்மாநிலத்தாருக்குரிய குறைந்த கட்டணத்திற் பல்கலைக்கழகம் பயில்வதைத் தடுத்தது. கிறிஸ்தியன் அரிசோனா அரச பல்கலைக்கழகத்திற் சேர்ந்திருந்தார். உயர்ந்த கட்டணத்தைச் செலுத்த முடியாமல் இடையிலே விலகினார். லொரென்சோவும் லூயிசும் சமையற் கலை பயின்று விருந்து சமைத்தளிக்கும் தொழில் தொடங்கினர். ஒஸ்கார் 2009 இல் இயந்திரப் பொறியியற் பட்டம் பெற்றார். பட்டம் பெற்றும் பத்திரமின்றி வேலை செய்ய விரும்பாமல், மனைவியையும் மகளையும் விட்டுத் தாமே மெக்சிக்கோவுக்குத் திரும்பிச் சென்று முறைப்படி விசாவுக்கு விண்ணப்பித்தார். விசா மறுக்கப்பட்டது, பத்தாண்டு நுழையக்கூடாது என்ற தடையும் விதிக்கப்பட்டது. மேற்சபை உறுப்பினர் டிக் டேர்பின் அவர் பொருட்டுப் பேசியதன் பின்னர், 2010 இல் தடை நீங்கித் திரும்பி வந்தார். வந்தவர் அமெரிக்க இராணுவத்திற் சேர்ந்து, பிரசாவுரிமையும் பெற்று, ஆப்கானித்தானத்திற் பணியாற்றினார். பாடசாலையிலே படைபயில் மாணவனாயிருந்தபோது அவர் சேர விரும்பியதும் இராணுவமே. பத்திரமில்லை என்று அன்று அந்தக் கதவு அடைபட்டிருந்தமையாலேயே அவர் பொறி செய்யும் கழகத்தை நாடி வந்திருந்தார்.