பிராகுக்குக் கூட்டமாகக் கிளம்பும் முன்

நண்பர்கள் பத்துப் பேர் சேர்ந்து பிராக் போவதென்றால் பணம், டிக்கெட், ஹோட்டல் எல்லாம் விவரம் தெரிந்த ஒருவர் தலையில் விழும். மற்றவர்கள் அவர் பின்னால் நடப்பார்கள். இதில்தான் ஆபத்து. இழப்பீடு, அபராதம், புகார் எல்லாமே ஆளுக்கு ஆள் தனித்தனி. தன் உரிமை என்னவென்று ஒவ்வொருவருக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

முதலில் பணம். செக் குடியரசில் யூரோ இல்லை, கொருனாதான். பழைய நகரச் சதுக்கத்தைச் சுற்றியுள்ள நாணயமாற்றுக் கடைகளில் 'கமிஷன் இல்லை' என்ற பலகையை நம்பி நோட்டை நீட்டாதீர்கள், "இதற்கு எத்தனை கொருனா தருவீர்கள்?" என்று கேட்டுவிட்டுக் கொடுங்கள். அப்படியும் ஏமாந்துவிட்டால் வழி இருக்கிறது. 2019 ஏப்ரல் முதல், கடையில் மாற்றிய பணத்தை மூன்று மணி நேரத்துக்குள் அதே கடையில் திருப்பிக் கொடுத்துவிட்டுக் கொடுத்த தொகையைத் திரும்பப் பெறலாம். காரணம் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் இந்த உரிமை 1,000 யூரோ மதிப்பு வரைதான். எல்லோர் பணத்தையும் திரட்டி ஒரே ரசீதில் 1,500 யூரோ மாற்றினால் உரிமை போயிற்று. அவரவர் பணத்தை அவரவரே மாற்றி, ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். கடைக்காரர் மறுத்தால் செக் தேசிய வங்கியிடம் புகார் செய்யலாம். தெருவில் வந்து "மாற்றித் தருகிறேன்" என்பவரிடம் இந்தப் பேச்சே எடுபடாது. கைக்கு வருவது வேறு நாட்டின் செல்லாத நோட்டாகவும் இருக்கலாம். ஏடிஎம் 'ரூபாய்க் கணக்கில் எடுக்கவா?' என்று கேட்டால் வேண்டாம் என்று சொல்லி, கொருனாவையே தேர்ந்தெடுங்கள்.

டிராமிலும் மெட்ரோவிலும் காகித டிக்கெட்டை மஞ்சள் பெட்டியில் செருகி நேரம் பதிக்க வேண்டும். பதிக்காத டிக்கெட்டுக்கு அபராதம் உண்டு. பத்து டிக்கெட்டையும் ஒருவரே வைத்திருந்து, அவர் அடுத்த பெட்டியில் ஏறிவிட்டால் மாட்டுவது நீங்கள்தான்.

22-ஆம் எண் டிராமில் பிக்பாக்கெட் தொல்லை அதிகம். ஷெங்கன் விசாவுக்காக எடுக்கும் 30,000 யூரோ காப்பீடு மருத்துவ அவசரத்துக்குத்தான் கட்டாயம். பறிபோன பர்ஸுக்கும் சேர்த்து எடுத்திருக்கிறோமா என்று பாலிசியைப் படியுங்கள். திருடு போனால் 112-ஐயோ 158-ஐயோ அழையுங்கள். போலீஸ் அறிக்கையைக் கையில் வாங்காமல் ஊர் திரும்பாதீர்கள்.

விமானத் தாமதம்தான் பெரிய தொகை விஷயம். 261/2004 என்ற ஐரோப்பிய விதிப்படி, 3,500 கிலோமீட்டருக்கு மேற்பட்ட பயணத்தில் நான்கு மணி நேரமோ அதற்கு மேலோ தாமதமாகப் போய்ச் சேர்ந்தால், காரணம் விமான நிறுவனத்தின் கைமீறியதாக இல்லாதபட்சத்தில், ஆளுக்கு 600 யூரோ. சென்னையிலிருந்து வளைகுடா விமானத்தில் போகும்போது இந்த விதி பொருந்தாது. அதே விமானத்தில் பிராகிலிருந்து திரும்பும்போது பொருந்தும். பிராகிலிருந்து அபுதாபி வழியாக பாங்காக் போன 11 பயணிகள் 488 நிமிடம் தாமதமாகப் போய்ச் சேர்ந்தார்கள். தாமதமானது ஐரோப்பாவுக்கு வெளியே, வேறு நிறுவனத்தின் இரண்டாவது விமானம். ஆனாலும் ஒரே புக்கிங் என்பதால் முதல் விமானத்தை இயக்கிய செக் நிறுவனமே பொறுப்பு என்று 2019-இல் ஐரோப்பிய நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆகவே போக, வர, இடைமாற்றம் எல்லாம் ஒரே புக்கிங்கில் இருக்கட்டும். நூறு, இருநூறு யூரோ மிச்சம் பிடிக்கத் துண்டு துண்டாக வாங்கினால் இந்தப் பாதுகாப்பு அறுந்துவிடும்.

நம் ஊர் ஏஜென்ட்டிடம் டூர் வாங்கி, சொன்ன ஹோட்டலும் தராமல் பணமும் திருப்பாமல் இழுத்தடித்தால் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019 இருக்கிறது. நீங்கள் வசிக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே இரண்டாண்டுக்குள் வழக்குப் போடலாம்; கொடுத்த தொகை ஐந்து லட்சம் வரை என்றால் கட்டணம் இல்லை. ஒரே குறை உள்ள பலர், ஆணையத்தின் அனுமதியோடு சேர்ந்தும் வழக்குப் போடலாம். அதற்கு விளம்பரத் தாள், பணம் கட்டிய ரசீது, ஏஜென்ட்டின் வாட்ஸ்அப் வாக்குறுதிகள் எல்லாம் வேண்டும். முதலில் 1915-க்குப் போன் செய்து பாருங்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் அது.