மாசாய்கள் தொடுத்த வழக்கு

கென்யாவின் மாசாய் மக்கள் மழை பெய்யும் திசை பார்த்து மாடுகளோடு நகர்ந்தவர்கள். ரிஃப்ட் பள்ளத்தாக்கின் நல்ல புல்வெளிகள்மீது வெள்ளைக் குடியேறிகளுக்குக் கண். 1904-இல் பிரிட்டிஷார் ஓர் ஒப்பந்தம் போட்டார்கள். மாசாய்கள் வடக்கே லைக்கிப்பியாவுக்கும் தெற்கே இன்னோர் ஒதுக்கிடத்துக்கும் போய்விட வேண்டும். மாசாய் இனம் உள்ளவரை அந்த நிலங்கள் அவர்களுக்கே. ஏழே ஆண்டில் பேச்சு மாறியது. 1911-இல் லைக்கிப்பியாவையும் காலி செய்யச் சொன்னார்கள். தெற்கு நோக்கி ஓட்டிச் சென்ற மந்தைகளில் ஏராளமான கால்நடைகள் வழியிலேயே மடிந்தன. போர்க்குணத்துக்குப் பேர்போன மாசாய்கள் அப்போது வக்கீல் வைத்தார்கள்! அவர்களின் தலைவர் ஒலே கிலிஷோ முன்னின்று தொடுத்த வழக்கு 1913-இல் தள்ளுபடியானது. நீதிமன்றம் சொன்ன காரணம்தான் விசித்திரம்: மாசாய்கள் பிரிட்டிஷ் குடிகள் அல்லர், அயலார்; அவர்களோடு அரசு செய்த உடன்படிக்கையில் நீதிமன்றம் தலையிட முடியாது. அதே அரசுக்கு மாசாய்கள் குடிசை வரி கட்டிக்கொண்டிருந்தார்கள்.