கச்சான் காற்றும் சிறுபோக வேளாண்மையும்

வைகாசி மாதம் கழிந்து ஆனி பிறக்கும் வேளையில், கிழக்கிலங்கையின் வயல்வெளிகள் மீது மலைப்பக்கத்திலிருந்து வரண்ட காற்றொன்று எழுந்து கடலை நோக்கி வீசத் தொடங்கும். மட்டக்களப்பு, அம்பாறைப் பகுதிகளின் கமக்காரர் இதனைக் கச்சான் என்பர். (கச்சான் என்றதும் நிலக்கடலையை நினைப்போரும் உளர், அது வேறு, இது வேறு.) மேற்கிலிருந்து வரும் காற்றுக்குக் கோடை என்று பெயரிட்ட பழந்தமிழர், அதன் குணத்தை நன்கு அறிந்தே பெயரிட்டனர் போலும்.

இக்காற்று பலமாக வீசும் யூன், யூலை மாதங்களிலேயே சிறுபோக வேளாண்மை கதிர் தள்ளிப் பூக்கிறது. பூக்கும் அந்த ஒரு வாரத்தில் நேரும் நட்டத்தை அதன்பின் இடும் எந்தப் பசளையாலும் ஈடுசெய்ய முடியாது. ஆகவே கச்சான் எப்படி உண்டாகிறது, வானிலை அறிவித்தலில் அதனை எங்ஙனம் அடையாளம் காண்பது, கண்டபின் செய்யத்தக்கது யாது என்பவற்றைக் கமக்காரர் அறிந்திருத்தல் நன்று.

தென்மேற்குப் பருவக்காற்று மே மாதக் கடைசியளவில் இத்தீவின் மேற்குக் கரையை அடையும்போது நீராவி நிறைந்ததாக இருக்கும். அது மத்திய மலைநாட்டின் சரிவில் ஏறுகையில் குளிர்ந்து, கினிகத்தேனை, வட்டவளை முதலிய இடங்களிற் பெருமழையாகப் பொழிகிறது. நீராவி மழைத்துளியாக மாறும்போது தன்னுள் அடங்கியிருந்த வெப்பத்தைக் காற்றுக்கே விட்டுச் செல்லும். இதனால் மேலேறும் காற்று மெதுவாகவே குளிர்கிறது. மலைமுகடு கடந்து கிழக்குப் புறமாக இறங்கும் காற்றோ ஈரலிப்பை இழந்தது. அது 100 மீற்றர் இறங்குந்தோறும் ஏறக்குறைய 1 பாகை செல்சியஸ் வீதம் சூடேறும். ஏறும்போது குளிர்ந்ததைவிட இறங்கும்போது சூடேறுவது அதிகமாதலின், மலைக்கு மேற்கே மக்களைக் குடை பிடிக்கச் செய்த அதே காற்று, கிழக்கே வரம்புகளை வெடிக்கச் செய்கிறது.

கரையோரத்தில் இன்னொரு விஷயமும் உண்டு. வழக்கமான நாட்களில் முற்பகலில் கடற்காற்று எழுந்து நிலத்தின் சூட்டைத் தணிக்கும். கச்சான் பலத்து வீசும் நாளில் அக்கடற்காற்று கரையேற இயலாது நின்றுவிடும். உஷ்ணமானி 37 பாகையையும் தாண்டுவது அத்தகைய நாட்களிலேயே. முற்பகல் 11 மணியாகியும் தென்னோலைகள் கடலை நோக்கியே சாய்ந்து ஆடுமாயின், அன்றைய பிற்பகல் கடுமையாயிருக்குமென அறியலாம். இதற்குக் கருவி எதுவும் வேண்டியதில்லை.

அறிவித்தலை வாசிக்கும் முறை

வளிமண்டலவியல் திணைக்களம் நாள்தோறும் வெளியிடும் வானிலை அறிவித்தல் இப்பொழுது வானொலியில் மட்டுமன்றிக் கைத்தொலைபேசியிலும் கிடைக்கிறது. அதிற் கூறப்படும் அதிகபட்ச உஷ்ணநிலை, புற்றரை மீது ஏறக்குறைய நாலடி உயரத்தில் வைக்கப்பட்ட, காற்றோட்டமுள்ள வெண்ணிறப் பெட்டியினுள் நிழலில் அளக்கப்படும் உஷ்ணமாகும். நண்பகலில் வெறும் மணல்நிலத்தின் மேற்பரப்பு அதனிலும் மிகக் கூடிய சூட்டில் இருக்கும். மணற்றரையில் நாட்டிய மிளகாய்க் கன்றின் கழுத்து உணர்வது மணலின் சூட்டையே; பெட்டியினுள் உள்ள சூட்டை அன்று.

வெப்பச் சுட்டெண் என்று நிறங்களாற் குறிக்கப்பட்டு வரும் படத்தையும் பலர் பார்த்திருப்பர். இதனை உஷ்ணநிலை முன்னறிவித்தலென எண்ணுதல் தவறு. உஷ்ணத்தையும் காற்றின் ஈரலிப்பையும் சேர்த்து, மனிதனின் உடல் எவ்வளவு வெப்பத்தை உணருமெனக் கணித்துக் கூறுவதே அது. வியர்வை உலராத ஈரப்புழுக்கத்திற் சுட்டெண் உயரும். ஆதலால் 33 பாகை உஷ்ணமும் மிகுந்த ஈரலிப்பும் உள்ள ஒரு நாளின் சுட்டெண், 37 பாகை உஷ்ணமும் வரட்சியும் உள்ள கச்சான் நாளின் சுட்டெண்ணைவிடக் கூடுதலாயிருத்தல் கூடும். படத்தில் நிறம் தணிந்திருக்கிறதென்று வேளாண்மைக்கு ஆபத்தில்லையெனக் கொள்ளலாகாது. சுட்டெண் வேலையாட்களுக்கு உரியது. பயிருக்காக நோக்க வேண்டியவை அதிகபட்ச உஷ்ணநிலை, காற்றின் திசை, அதன் வேகம் ஆகிய மூன்றுமே.

இராக்காலத்துக் குறைந்தபட்ச உஷ்ணநிலையையும் கவனித்தல் நலம். பிலிப்பைன்ஸ் நாட்டிலுள்ள அனைத்துலக நெல் ஆராய்ச்சி நிலையத்தின் வயல்களில் 1992 முதல் 2003 வரை பெற்ற அளவைகளை ஆராய்ந்தவர்கள், வரண்ட போகத்தில் இரவின் உஷ்ணம் ஒரு பாகை உயர விளைவு ஏறத்தாழப் பத்திலொரு பங்கு குறைந்ததென 2004ஆம் ஆண்டில் வெளியிட்டனர். இரவு முழுதும் கச்சான் ஓயாது வீசி, விடியலிற் பனியும் இல்லாத நாட்கள் தொடருமாயின் அவற்றையும் குறித்துக் கொள்ளவேண்டும்.

இக்காலத்து அறிவித்தல்களில் அடிக்கடி வரும் இன்னொரு வாக்கியம், ஊவா மாகாணத்திலும் மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களிலும் மாலையில் அல்லது இரவில் ஓரிரு இடங்களில் இடியுடன் கூடிய மழை பெய்யக்கூடும் என்பதாகும். இதை நம்பி நீர்ப்பாய்ச்சலை ஒத்திவைத்து ஏமாந்தோர் பலர். ஓரிரு இடங்கள் எனின், ஒரு வட்டையில் மழை கொட்ட அடுத்த வட்டை காய்ந்தே கிடக்கும் என்பதே பொருள். மழை வந்தபின் மடையை அடைப்பது எளிது. வாராத மழைக்காக வாடிய கதிரை நிமிர்த்துவது எவ்வாறு? ஆனால் இடிமுழக்கம் கேட்டவுடன் திறந்த வயலில் நிற்பதையும் தனிமரத்தின் கீழ் ஒதுங்குவதையும் தவிர்த்தல் அவசியம்.

நெல் பூக்கும் வாரம்

நெல்லின் இனம் எதுவாயினும், கதிர் பூத்து ஏறக்குறைய 30 நாட்களில் அறுவடைக்கு வரும். ஆகவே பீ.ஜீ. 94-1 போன்ற மூன்றரை மாத இனம் விதைத்து 75 நாள் அளவிலும், பீ.ஜீ. 300 போன்ற மூன்று மாத இனம் 60 நாள் அளவிலும் பூக்குமெனக் கணக்கிடலாம். ஏப்பிரில் 15ஆம் திகதி விதைத்த மூன்றரை மாத நெல் யூன் மாதக் கடைசியிற் பூக்கும். அதே நாளில் விதைத்த மூன்று மாத நெல் யூன் நடுப்பகுதியிற் பூக்கும். இவ்விரண்டும் கச்சானுக்குத் தப்பமாட்டா. விதைப்பைச் சிறிது முன்பின்னாக மாற்றினாலும் முழுவதும் தப்புதல் அரிது. எனவே செய்யத்தக்கது, ஒவ்வொருவரும் தம் வயலின் பூக்கும் வாரத்தை விதைத்த அன்றே கலண்டரிற் குறித்து வைத்து, அந்த வாரத்திற்கு வேண்டிய நீரைக் குளத்திற் காப்பதேயாகும். உன்னிச்சை, நவகிரி முதலிய குளங்களின் கீழ்ச் செய்கை பண்ணுவோர் போக ஆரம்பக் கூட்டத்திலேயே இதைப் பேசி, ஒரே வயதுள்ள இனங்களை ஒரே காலத்தில் விதைக்க உடன்படுதல் வேண்டும். ஆளுக்கொரு திகதியில் விதைத்த வட்டையிற் பூக்கும் வாரம் என்று ஒன்றில்லை. வட்டவிதானை யாருக்கென்று நீர் விடுவார்?

நெற்பூக்கள் பெரும்பாலும் காலை 9 மணிக்கும் நண்பகலுக்கும் இடையில் விரியும். ஒரு பூ விரிந்திருப்பது ஏறத்தாழ ஒரு மணி நேரமே. ஒரு கதிர் நுனியிலிருந்து அடிவரை பூத்து முடிய ஒரு வாரமாகும். பூ விரியும் அந்நேரத்தில் உஷ்ணம் 35 பாகைக்கு மேல் ஒரு மணி நேரம் நிலைத்தாலும் மகரந்தம் பழுதடைந்து, மணி பிடியாது பதராகும். காலையிலேயே கச்சான் தொடங்கும் நாட்கள் பிற்பகலிற் சூடேறும் நாட்களிலும் தீயன என்பது இதனாற் பெறப்படும்.

ஆயினும் வரண்ட காற்றிடம் ஒரு நன்மையும் உண்டு. வேர்களுக்குப் போதிய நீர் கிடைக்குமாயின், பயிர் இலையாலும் கதிராலும் நீரை ஆவியாக்கித் தன்னைக் குளிர்வித்துக் கொள்ளும்; காற்று எவ்வளவு வரண்டதோ அவ்வளவுக்கு இக்குளிர்ச்சியும் கூடும். அப்பொழுது கதிரின் சூடு காற்றின் சூட்டைவிடச் சில பாகைகள் குறைந்தே நிற்கும். நீரில்லாத வயலில் இதே காற்று பகையாகிக் கதிரின் ஈரத்தை உறிஞ்சி வெளிறச் செய்யும். வாய்க்காலின் தலைப்பிலுள்ள வயல் பச்சையாகவும் கடைசியிலுள்ள வயல் வெளிறியும் நிற்பதன் காரணம் பெரும்பாலும் இதுவே. ஒரே காற்றுத்தான் இரண்டின் மீதும் வீசியது. குடலைப் பருவந் தொடங்கிப் பூத்துப் பத்து நாட்கள் ஆகும்வரை வயலில் இரண்டு அங்குல நீரேனும் நிற்கவேண்டும். முறைத்தண்ணீர் விடும் வட்டைகளில், தலைப்பு வயல்காரர் இரவில் மடையை மூடி நீரைக் கீழே விட்டுக்கொடுத்தால் கடைசி வயலும் காலையில் ஈரத்தோடு பூக்கும். வரம்பில் நண்டுத் துளைகளை அடைப்பது சிறு வேலையே. கச்சான் நாட்களில் அதன் பயன் பெரிது.

வெளிறிய கதிரைக் கண்டவுடன் மருந்து தெளிக்க விரைபவர் பொறுத்துப் பார்த்தல் வேண்டும். தண்டு துளைப்பான் அடித்த கதிரும் வெண்மையாகவே நிற்கும். அதனைப் பிடித்து இழுத்தால் எளிதிற் கையோடு வரும். அடியிற் புழு தின்ற அடையாளமும் காணப்படும். காற்றால் வெளிறிய கதிர் அவ்வாறு கழன்று வராது. அதற்கு மருந்தில்லை, தெளிப்பது பணவிரயமே.

மணற்பாங்கான தோட்டங்கள்

களுதாவளை, தேத்தாத்தீவு முதலிய கரையோரக் கிராமங்களின் மரக்கறித் தோட்டங்கள் மணலிலேயே அமைந்தவை. மணல் நீரை வைத்திருப்பது சொற்பம். ஒரே தடவையிற் பெருமளவு நீரிறைத்தால் அது வேரைக் கடந்து கீழே போய்விடும். காலையும் மாலையுமாகப் பிரித்துச் சிறுகச் சிறுக இறைத்தலே ஏற்றது. கடலை அடுத்த நிலங்களில் நல்ல நீர் உவர்நீரின் மேல் மிதந்து நிற்கிறது. யந்திரத்தைப் பூட்டிக் கிணறு வற்றும்வரை ஓட்டினால் கீழிருந்து உவர் ஏறும். ஏறிய உவர் மாரி மழை வரும்வரை எளிதில் இறங்காது. ஆகையால் இடைவிட்டு இறைத்து, கிணறு ஊற நேரம் கொடுத்தல் வேண்டும்.

இத்தோட்டங்களிற் பலவற்றுக்கு அடைப்பு கடற்பக்கமாகவே அமைந்திருக்கிறது. உப்புக்காற்றைத் தடுக்க அது பொருத்தமானதே. ஆனால் கச்சான் வருவது நிலப்பக்கமாக அன்றோ! மேற்கிலும் தென்மேற்கிலும் சீமைக்கிளுவை வேலியொன்று நாட்டியோ, கிடுகு அல்லது பனையோலை கட்டியோ காற்றை மறித்தல் வேண்டும். வேலி முற்றாக அடைபட்டிருத்தல் கூடாது. காற்றுச் சிறிது ஊடுருவினால்தான் அதன் வேகம் ஒழுங்காகத் தணியும். ஆறடி உயர வேலி அறுபது அடி தூரம்வரை பயன் தரும். பாத்திகளின் மேல் வைக்கோல் பரப்பினால் மணலின் சூடு வேரை எட்டாது.

தக்காளி இக்காலத்திற் பூத்தும் காய்க்காததைக் கண்டு விதையைக் குறை கூறுவோர் உண்டு. பகல் 32 பாகைக்கு மேலும் இரவு 24 பாகைக்கு மேலும் இருந்தால் தக்காளிப் பூ பெரும்பாலும் உதிரும். இது விதையின் குற்றமன்று. கத்தரியும் பயற்றையும் இதனை ஓரளவு தாங்கும். மிளகாயிற் பனிப்பூச்சியும் சிற்றுண்ணியும் வரட்சியிற் பெருகி இலையைச் சுருளச் செய்யும் என்பதால், இளந்தளிரின் அடிப்புறத்தை இரண்டு நாளுக்கொருமுறை திருப்பிப் பார்க்கவேண்டும். மருந்து அவசியமாயின் காற்று எழுமுன் அதிகாலையிற் தெளிக்க வேண்டும். நாற்று நடுதல் மாலையிலேயே நடைபெறுக.

கச்சான் நாளில் வேலை செய்வோர் தம் உடம்பைப் பற்றி ஏமாறுவதுண்டு. வியர்வை உடனே உலர்ந்துவிடுவதால் எவ்வளவு நீர் உடலைவிட்டுச் சென்றதென்பது தெரிவதில்லை. விடியற்புறம் தொடங்கிப் பத்து மணிக்குள் முடித்து, பின்னேரம் நாலு மணிக்குப்பின் மீண்டும் இறங்குவதே வழக்கமாயிருக்கட்டும். உப்பிட்ட கஞ்சி, மோர், இளநீர் என்பன தாகம் எடுக்குமுன்பே அருந்தத்தக்கவை. ஒருவர் தடுமாறிப் பொருத்தமின்றிப் பேசினால் வாடியின் நிழலிற் கிடத்தி, ஈரத்துணியால் உடலைத் துடைத்து, தாமதமின்றி ஆசுபத்திரிக்குக் கொண்டுசெல்ல வேண்டும்.

அறுவடை தொடங்கும்பொழுது இக்காற்று உதவியாகத் தோன்றும். நெல் விரைவிற் காயும். ஆனால் தார்வீதியில் மெல்லிதாகப் பரப்பி ஒரே பகலிற் காயவிட்ட நெல் உள்ளே வெடித்து, ஆலையிற் குறுநொய்யாக உடையும். ஓரளவு தடிப்பாகப் பரப்பி, அடிக்கடி கிளறி, கடும் வெயிலில் மூடிவைத்து, இரண்டு மூன்று நாட்களில் ஈரம் நூற்றுக்கு 14க்கு இறங்கும்படி காயவைப்பது முறை. அறுத்த வயலில் வைக்கோலுக்குத் தீயிடுவதை இம்மாதங்களில் அறவே விடவேண்டும். கச்சானிற் பற்றிய நெருப்பு வரம்போடு நிற்பதில்லை. கிழக்கே அறுவடையாகாது நிற்கும் அயலவரின் வேளாண்மைக்கே அது முதலிற் போகும்.