தனிமையை அறியும் கைக்கடிகாரம்: வடிவமைப்பாளர் கவனிக்க வேண்டியவை

கட்டாரிலிருந்து மகன் தொலைபேசியில் கேட்கிறார்: "உம்மா, எப்படி இருக்கீங்க?" மருதமுனையிலிருந்து பதில் போகிறது: "எனக்கென்ன மகன், நல்லாத்தான் இருக்கன்." இந்தப் பதில் எந்தளவு உண்மை என்று அறிந்து சொல்லும், உடலில் அணியும் கருவியொன்றை உருவாக்க இன்று பல ஆய்வுகூடங்கள் முயன்று வருகின்றன.

காரணம் இல்லாமலில்லை. உலகில் ஆறில் ஒருவரைத் தனிமையுணர்வு வாட்டுவதாகவும், வருடாந்தம் சுமார் 871,000 மரணங்களுடன் அது தொடர்புபட்டிருப்பதாகவும் உலக சுகாதார ஸ்தாபனத்தின் ஆணைக்குழு 2025இல் அறிக்கையிட்டது.

கருவி எப்படி வேலை செய்யும்? கைக்கடிகாரத்திலுள்ள உணரிகள் நடை, இதயத் துடிப்பு, உறக்கம் ஆகியவற்றை அளக்கும். அமெரிக்காவின் மசாசூசெட்ஸ் தொழில்நுட்ப நிறுவகத்தில் அலெக்ஸ் பென்ட்லண்டின் குழுவினர் 2000களில் கழுத்தில் தொங்கவிடும் அட்டையொன்றை உருவாக்கினர். எதிரே நிற்பவரை அகச்சிவப்புக் கதிரால் அறிந்து, என்ன பேசினார் என்பதை விட்டு, எவ்வளவு நேரம், எந்தத் தொனியில் பேசினார் என்பதையே அது கணித்தது.

ஆனால் தனித்திருப்பது வேறு, தனிமையுணர்வு வேறு. வீடு நிறையப் பேரப்பிள்ளைகள் இருந்தும் உள்ளுக்குள் வாடுவோர் உண்டு. தன்னந்தனியே தறியில் அமர்ந்து நிம்மதியாக இருப்போரும் உண்டு. சான் டியேகோவிலுள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகமும் ஐபிஎம் நிறுவனமும் 66 முதல் 94 வயதுவரையான 80 பேரின் பேச்சைக் கணினியால் ஆராய்ந்து 2020இல் முடிவுகளை வெளியிட்டன. பேட்டியில் வெளிப்பட்ட தனிமையைக் கணிப்பதில் துல்லியம் 94 சதவீதம். வினாக்கொத்துப் புள்ளியைக் கணிப்பதில் 76 சதவீதம் மட்டுமே. எதைத் தனிமை என்கிறோம் என்பதிலேயே விடை மாறிவிடுகிறது.

நமதூருக்கு வந்தால் சிக்கல் இன்னும் உண்டு. ஐவேளையும் வுழூ செய்பவர் இறுக்கமான பட்டியைக் கழற்றுவார். மீண்டும் அணிய மறப்பார். வானொலியில் ஓடும் பேச்சை உரையாடலெனக் கருவி எண்ணும். மின்னேற்றுவது யார்? ஒருவரை அவரது சொந்த வழமையுடன் ஒப்பிடுவதே ஓரளவு நம்பத்தக்கது: நாள்தோறும் அஸருக்குப் பள்ளிக்குப் போனவர் நான்கு நாளாக வாசல் தாண்டவில்லை என்றால், அது ஒரு செய்தி.

அச்செய்தி யாருக்குப் போகவேண்டும் என்பது அடுத்த கேள்வி. கட்டாரிலுள்ள மகன் பதறுவாரேயன்றி வந்துநிற்க முடியாது. உம்மாவே தெரிவுசெய்த பக்கத்து வீட்டுப் பெண்ணுக்குப் போனால் பலனுண்டு. 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் சுகாதாரத் தகவலுக்கு விசேட பாதுகாப்பு அளிப்பதால், அவரது சம்மதத்தைக் கேளாமல் மகன் கட்டிவிடும் கருவி முறையல்ல.

வணிகக் கண்ணோட்டத்தில், கடிகாரத்தை வெளிநாட்டிலிருந்து இறக்கிவிடலாம். கதவைத் தட்டி, ஒரு தேநீர் குடித்து, அரை மணிநேரம் இருந்து பேசிவிட்டு வரும் ஆளை இறக்குமதி செய்ய முடியாது. மாதக் கட்டணத்துக்கு அந்தச் சேவையை வழங்கக்கூடியவர்கள் நமதூரில்தான் இருக்கிறார்கள். இத்துறையில் இறங்க நினைக்கும் இளைஞர், மென்பொருள் எழுதுமுன் பத்து மூத்தம்மாமாரிடம் போய், வுழூவுக்குக் கழற்றிய கடிகாரத்தை எங்கே வைப்பீர்கள் என்று கேட்டுப் பார்க்கட்டும்.