மண்ணே இல்லாத களிமண்!

சுட்டீஸ், பாலிமர் களிமண் பார்த்திருக்கிறீர்களா? பெயரில்தான் மண்! உண்மையில் அதில் துளி மண்கூடக் கிடையாது. தண்ணீர்க் குழாய் செய்கிறார்களே, அந்த பி.வி.சி. பிளாஸ்டிக்கின் பொடிதான் அது. அதோடு எண்ணெய் போன்ற ஒரு திரவத்தையும் வண்ணப் பொடியையும் சேர்த்தால், பிசைந்த சப்பாத்தி மாவு போல மெத்தென்று இருக்கும். சுமார் 130 டிகிரி செல்சியஸ் சூட்டில் வைத்தால்தான் கெட்டிப்படும்.

இது ஒருகாலத்தில் வேண்டாம் என்று ஒதுக்கப்பட்ட பொருள்! ஜெர்மனியில் கேத்தே குரூசே என்ற அம்மையாரின் பொம்மைகள் மிகவும் பிரபலம். 1930-களின் இறுதியில், பொம்மைத் தலை செய்ய இந்தப் பொருள் உதவுமா என்று பார்த்தார்கள். சரிப்படவில்லை. ஆனால், அவருடைய மகள் சோஃபி அதை விடவில்லை. கைவேலைக்குப் பயன்படும் களிமண்ணாக அதை மாற்றினார். 1964-ல் எபர்ஹார்டு ஃபேபர் நிறுவனம் அதை வாங்கி, 'ஃபிமோ' என்ற பெயரில் விற்றது. அந்த 'ஃபி' எங்கிருந்து வந்தது தெரியுமா? சோஃபியின் செல்லப் பெயர் 'ஃபிஃபி'!

பிறகு அமெரிக்கக் கலைஞர்கள் இதைக் கையில் எடுத்தார்கள். சொல்லித்தரப் பள்ளியும் இல்லை, புத்தகங்களும் அதிகம் இல்லை. தான் கண்டுபிடித்த ரகசியத்தை ஒளித்து வைப்பதா, மற்றவருக்குச் சொல்வதா? அவர்கள் சொல்வது என்று முடிவெடுத்தார்கள்! நான் ரோச் என்பவர் 1991-ல் 'புதிய களிமண்' என்ற நூலையே எழுதினார். 1990-களில் தேசிய அளவில் ஒரு சங்கமும், ஊர் ஊராகச் சிறு சங்கங்களும் தோன்றின.

சங்கத்தில் என்ன செய்வார்கள்? ஒருவர் செய்து காட்ட, மற்றவர்கள் பார்த்துச் செய்வார்கள். 'பண்டமாற்று' விளையாட்டும் உண்டு. 12 பேர், ஆளுக்கு 12 மணிகள் செய்து மாற்றிக்கொண்டால், ஒவ்வொருவரும் 12 விதமான மணிகளோடு வீடு திரும்பலாம்!

ஒரே பூவை நூறு மணிகளில் எப்படிக் கொண்டுவருகிறார்கள்? வெண்டைக்காயை எங்கே நறுக்கினாலும் உள்ளே ஒரே வடிவம்தானே! அதுபோல, வண்ணக் களிமண் குச்சிகளைப் பூ வடிவில் அடுக்கி, உருட்டி நீட்டி, வில்லை வில்லையாக நறுக்குவார்கள். ஒவ்வொரு வில்லையிலும் அதே பூ!

2011-ல் அமெரிக்காவின் ராசின் கலை அருங்காட்சியகத்தில் பாலிமர் கலைக்கென்றே கண்காட்சி நடந்தது. ஒதுக்கப்பட்ட பொருளுக்கு எத்தனை பெரிய மரியாதை!

எச்சரிக்கை: சூடு அதிகமாகிக் கருகினால் கெட்ட புகை வரும். எனவே பெரியவர்கள்தான் சுட்டுத் தர வேண்டும். இதற்குப் பயன்படுத்திய பாத்திரத்தில் சமைக்கவே கூடாது.

உங்களுக்கும் ஏதாவது கைவேலை தெரியுமா? நான்கு நண்பர்களைக் கூப்பிட்டுச் சொல்லிக்கொடுங்கள். உங்கள் தெருவிலும் ஒரு சங்கம் தயார்!