தூரம் மட்டும் போதுமா? ஒரு கோள் உயிர்கள் வாழத் தகுதி பெறுவது எப்படி?

"இன்னொரு பூமி கண்டுபிடிப்பு!" ஆண்டுக்கு இரண்டு மூன்று முறையாவது இப்படி ஒரு தலைப்பு செய்திகளில் வந்துவிடுகிறது. அடுத்த நாளே அது வாட்ஸ்அப் குழுக்களில் சுற்ற ஆரம்பிக்கிறது. செய்தியை உள்ளே படித்தால், பெரும்பாலும் ஒரே ஒரு விஷயத்தை வைத்துத்தான் அந்தத் தலைப்பு எழுதப்பட்டிருக்கும். அந்தக் கோள் தன் நட்சத்திரத்திலிருந்து "சரியான தூரத்தில்" இருக்கிறது என்பதே அது.

மிக அருகில் இருந்தால் தண்ணீர் ஆவியாகிவிடும். மிகத் தொலைவில் இருந்தால் உறைந்துவிடும். இரண்டுக்கும் நடுவே, தண்ணீர் திரவமாக நிற்கக்கூடிய ஒரு வளையம் உண்டு. அதைத்தான் விஞ்ஞானிகள் "உயிர் வாழத் தகுந்த மண்டலம்" என்று அழைக்கிறார்கள். சூரியனைப் பொறுத்தவரை, பூமியின் தூரத்தை 1 என்று வைத்துக்கொண்டால், இந்த மண்டலம் ஏறத்தாழ 0.95 முதல் 1.37 வரை நீள்கிறது என்று 1993-ல் ஜேம்ஸ் காஸ்டிங் குழுவினர் கணக்கிட்டனர். பிற்காலக் கணக்குகளில் இந்த எல்லைகள் சற்று மாறியிருக்கின்றன.

சரி, இந்த மண்டலத்துக்குள் இருந்தாலே ஒரு கோளில் உயிர்கள் வாழ முடியுமா?

இதற்கான பதில் நம் தலைக்கு மேலேயே இருக்கிறது. மாதந்தோறும் நாம் பிறை தேடும் நிலவு, சூரியனிலிருந்து பூமி இருக்கும் அதே தூரத்தில்தான், சுமார் 15 கோடி கிலோமீட்டரில்தான் இருக்கிறது. ஆனால் அங்கே நடுப்பகலில் வெப்பம் சுமார் 120 டிகிரி செல்சியஸ். இரவில் மைனஸ் 130 டிகிரி. காற்றில்லை, மழையில்லை, ஒரு புல் பூண்டும் இல்லை. ஒரே தூரத்தில் இருக்கும் இரண்டில் ஒன்று உயிர்களால் நிரம்பியிருக்கிறது, மற்றொன்று வெறும் பாறை. அப்படியானால் தூரத்தைத் தவிர வேறு என்னென்ன தேவைப்படுகின்றன?

காற்று என்னும் போர்வை

முதல் தேவை வளிமண்டலம். பூமிக்குக் காற்றுப் போர்வையின் வெப்பம் காக்கும் குணம் இல்லாமல் போனால், அதன் சராசரி வெப்பநிலை மைனஸ் 18 டிகிரியாக இருக்கும். அதாவது "சரியான தூரத்தில்" இருந்துகொண்டே பூமி பனிக்கட்டியாகியிருக்கும். கரியமில வாயு, நீராவி போன்றவை வெப்பத்தைப் பிடித்து வைத்துக்கொள்வதால்தான் சராசரி சுமார் 15 டிகிரியில் நிற்கிறது. இந்த 33 டிகிரி வித்தியாசம் காற்று நமக்குத் தருவது.

ஆனால் போர்வை அளவோடு இருக்க வேண்டும். வெள்ளிக் கோளைப் பாருங்கள். பருமனிலும் எடையிலும் அது ஏறத்தாழ பூமியின் இரட்டைப் பிறவி. சூரியனிலிருந்து அதன் தூரம் சுமார் 10.8 கோடி கிலோமீட்டர். அதைவிட ஏறத்தாழ பாதி தூரத்தில், 5.8 கோடி கிலோமீட்டரில் இருக்கிறது புதன். எது அதிகச் சூடாக இருக்க வேண்டும்? புதன்தான் என்று நினைப்போம். உண்மையில் வெள்ளிதான் அதிகச் சூடு. அதன் தரையில் இரவு பகல் என்ற வித்தியாசமின்றி சுமார் 465 டிகிரி. ஈயம் உருகிவிடும் வெப்பம். காரணம் அதன் வளிமண்டலத்தில் 96 சதவீதத்துக்கும் மேல் கரியமில வாயு. காற்றழுத்தமோ பூமியில் இருப்பதைப்போல சுமார் 90 மடங்கு.

செவ்வாயில் நிலைமை நேர்மாறு. அங்கும் இருப்பது கரியமில வாயுதான், ஆனால் காற்றழுத்தம் பூமியில் இருப்பதில் ஒரு சதவீதம்கூட இல்லை. அவ்வளவு மெல்லிய போர்வையால் வெப்பத்தைப் பிடித்து வைக்க முடியவில்லை. அழுத்தம் இல்லாததால் அங்கே ஒரு குவளைத் தண்ணீரைத் தரையில் ஊற்றினாலும் அது திரவமாக நிலைக்காது; கொதித்தோ உறைந்தோ போய்விடும்.

உடல் பெரிதாக இருந்தால்தான் உள்ளே சூடு நிற்கும்

செவ்வாய் எப்போதும் இப்படி இருக்கவில்லை. அங்கே ஆறுகள் ஓடிய தடங்கள் இன்றும் தெரிகின்றன. 2012-ல் இறங்கிய கியூரியாசிட்டி ஊர்தி பழைய ஏரிப் படுகை ஒன்றிலும், 2021-ல் இறங்கிய பெர்சிவரன்ஸ் ஊர்தி ஓர் ஆற்று முகத்துவாரத்தின் அருகிலும் ஆய்வு செய்துவருகின்றன. அப்படியென்றால் அந்தத் தண்ணீரும் காற்றும் எங்கே போயின?

இங்குதான் கோளின் பருமன் முக்கியமாகிறது. குவளையில் ஊற்றிய கஞ்சி சீக்கிரம் ஆறிவிடும். அண்டாவில் இருக்கும் கஞ்சி நெடுநேரம் சூடாக இருக்கும். செவ்வாயின் விட்டம் பூமியுடையதில் ஏறத்தாழ பாதி. எடையோ பத்தில் ஒரு பங்குதான். எனவே அதன் உட்புறம் பூமியைவிட வேகமாகச் சூட்டை இழந்தது.

உள்ளே சூடு இருப்பதால் என்ன பயன்? பூமியின் தரைக்குக் கீழே சுமார் 2,900 கிலோமீட்டர் ஆழத்தில் இரும்புக் குழம்பு சுழன்றுகொண்டிருக்கிறது. அந்தச் சுழற்சிதான் பூமியைச் சுற்றி ஒரு காந்தப்புலத்தை உண்டாக்குகிறது. சூரியனிலிருந்து ஓயாமல் வீசும் மின்னேற்றத் துகள்களின் பெரும்பகுதியை அது திசை திருப்பிவிடுகிறது. செவ்வாயில் இந்தச் சுழற்சி சுமார் 400 கோடி ஆண்டுகளுக்கு முன்பே ஓய்ந்துவிட்டது. காந்தக் கவசம் போனபின், குறைந்த ஈர்ப்பு விசையால் பிடித்து வைக்க முடியாத காற்றைச் சூரியக் காற்று கொஞ்சம் கொஞ்சமாக அள்ளிச் சென்றது. நாசாவின் மேவன் விண்கலம் 2014 முதல் இதை அளந்தது. இன்றும் வினாடிக்குச் சுமார் 100 கிராம் அளவுக்குச் செவ்வாயின் காற்று விண்வெளிக்குப் போய்க்கொண்டிருக்கிறது. கேட்பதற்குச் சிறிய அளவுதான். கோடிக்கணக்கான ஆண்டுகளுக்குப் பெருக்கிப் பாருங்கள். அதோடு, சூரியன் இளமையாக இருந்தபோது இந்த இழப்பு இன்னும் வேகமாக நடந்திருக்கும்.

காந்தப்புலம் மட்டுமே எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது என்றும் சொல்ல முடியாது. வெள்ளிக்குச் சொந்தக் காந்தப்புலம் இல்லை. ஆனாலும் அதன் காற்று அடர்த்தியாகவே இருக்கிறது. ஈர்ப்பு விசை, எரிமலைகள் புதிதாகத் தரும் வாயு என்று பல காரணங்கள் சேர்ந்துதான் முடிவு அமைகிறது.

பூமியின் வெப்பச் சமநிலை

இன்னொரு கேள்வி. சூரியன் எப்போதும் ஒரே அளவு ஒளி தந்ததில்லை. 400 கோடி ஆண்டுகளுக்கு முன்பு அதன் ஒளி இன்றைவிட 25 முதல் 30 சதவீதம் வரை குறைவு. அப்படியிருந்தும் பூமியில் அப்போதே கடல்கள் இருந்ததற்குப் பாறைகள் சாட்சி சொல்கின்றன. சூரியன் மாறியபோதும் பூமி எப்படித் தாக்குப்பிடித்தது?

இதற்கு ஜேம்ஸ் வாக்கர், பால் ஹேஸ், காஸ்டிங் ஆகிய மூவரும் 1981-ல் ஒரு விளக்கம் தந்தார்கள். எரிமலைகள் கரியமில வாயுவை வெளியிடுகின்றன. அது மழைநீரில் கரைந்து, பாறைகளை மெல்ல அரித்து, ஆறுகள் வழியே கடலுக்குச் சென்று, சுண்ணாம்புக் கல்லாகக் கடலடியில் படிகிறது. புவித்தட்டுகள் நகரும்போது அந்தக் கல் பூமிக்குள் போய், சூடாகி, மறுபடியும் எரிமலை வழியாக வாயுவாக வெளிவருகிறது.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. பூமி சூடானால் மழை கூடும், பாறை அரிப்பும் வேகமெடுக்கும். அதனால் காற்றிலுள்ள கரியமில வாயு குறைந்து பூமி குளிரும். பூமி மிகவும் குளிர்ந்தால் அரிப்பு குறையும். எரிமலை வாயு காற்றில் சேர்ந்து மீண்டும் சூடாகும். வெப்பம் கூடினால் தானே குறைத்து, குறைந்தால் தானே கூட்டும் ஒரு ஏற்பாடு இது. இது நடக்க மழை வேண்டும், கடல் வேண்டும், உள்ளே சூடு வேண்டும், நகரும் தரை வேண்டும். வெள்ளியில் கடல் இல்லாமல் போனதால் வாயு முழுவதும் காற்றிலேயே தங்கிவிட்டது. பூமியிலும் ஏறத்தாழ அதே அளவு கரியமில வாயு இருக்கிறது. ஆனால் அதன் பெரும்பகுதி சுண்ணாம்புக் கல்லாகப் பாறைகளுக்குள் பூட்டப்பட்டிருக்கிறது.

நட்சத்திரத்தின் குணமும் முக்கியம்

நமது பால்வெளி மண்டலத்தில் நான்கில் மூன்று நட்சத்திரங்கள் சிறிய, மங்கலான செங்குள்ளர்கள். "இன்னொரு பூமி" என்று சொல்லப்படுபவற்றில் பல இவற்றைச் சுற்றுபவைதான். 2016-ல் அறிவிக்கப்பட்ட பிராக்சிமா சென்டாரி பி அதில் ஒன்று. நமக்கு மிக அருகில், 4.2 ஒளியாண்டு தூரத்தில் இருக்கிறது. நட்சத்திரம் மங்கலானது என்பதால் அதன் தகுந்த மண்டலமும் மிக நெருக்கத்தில் அமைகிறது. அந்தக் கோளுக்கு ஓர் ஆண்டு என்பது வெறும் 11 நாட்கள். இவ்வளவு நெருக்கத்தில், நட்சத்திரம் அடிக்கடி கக்கும் கதிர்வீச்சுப் புயல்கள் கோளின் காற்றைச் சிதைத்துவிடக்கூடும். நிலவு நமக்கு ஒரே முகத்தைக் காட்டுவதுபோல, அந்தக் கோளின் ஒரு பக்கம் எப்போதும் பகலாகவும் மறுபக்கம் எப்போதும் இரவாகவும் இருக்கவும் வாய்ப்பு அதிகம்.

சுமார் 40 ஒளியாண்டு தூரத்தில் உள்ள டிராப்பிஸ்ட்-1 நட்சத்திரத்தைப் பூமியளவுள்ள ஏழு கோள்கள் சுற்றுகின்றன. ஜேம்ஸ் வெப் தொலைநோக்கி 2023-ல் அவற்றில் முதல் இரண்டை ஆராய்ந்தது. முதலாவதில் குறிப்பிடத்தக்க காற்று எதுவும் தென்படவில்லை; இரண்டாவதிலும் வெள்ளியில் இருப்பதுபோன்ற அடர்ந்த காற்று இல்லை. இவை இரண்டும் தகுந்த மண்டலத்துக்கு உட்புறம், நட்சத்திரத்தை ஒட்டி இருப்பவை. மண்டலத்துக்குள் இருக்கும் மற்ற கோள்களுக்குக் காற்று உண்டா என்பதுதான் இப்போதைய பெரிய கேள்வி.

2025 ஏப்ரலில் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் நிக்கு மதுசூதன் குழுவினர், 124 ஒளியாண்டு தூரத்திலுள்ள கே2-18பி கோளின் காற்றில், பூமியில் கடல் நுண்ணுயிர்கள் உண்டாக்கும் ஒரு வாயுவின் தடயம் தெரிவதாக அறிவித்தது நினைவிருக்கலாம். உயிர் கண்டுபிடிக்கப்பட்டுவிட்டது என்றே பல தலைப்புகள் எழுதின. ஆனால் அந்தத் தடயம் கண்டுபிடிப்பு என்று ஏற்கப்படும் அளவுக்கு உறுதியானதல்ல என்று அக்குழுவே சொல்லியிருந்தது. அதே தரவுகளை மறு ஆய்வு செய்த பிற விஞ்ஞானிகள், தெளிவான ஆதாரம் இல்லை என்றனர்.

மண்டலத்துக்கு வெளியே கடல்

மண்டலத்துக்கு வெளியே இருப்பவை எல்லாம் பயனற்றவை என்றும் தள்ளிவிட முடியாது. வியாழனின் துணைக்கோளான யூரோப்பாவும் சனியின் துணைக்கோளான என்சலடஸும் சூரியனின் வெப்பம் எட்டாத தொலைவில், பனி ஓட்டால் மூடப்பட்டவை. ஆனால் தாய்க்கோளின் ஈர்ப்பு அவற்றை இழுத்துப் பிசைவதால் உள்ளே சூடு உண்டாகி, பனிக்கு அடியில் கடல் இருக்கிறது. என்சலடஸின் தென்துருவத்திலிருந்து நீராவியும் பனித்துகள்களும் பீறிட்டு வருவதை 2005-ல் காசினி விண்கலம் கண்டது. அந்தத் துகள்களில் உயிர்களுக்கு இன்றியமையாத பாஸ்பரஸ் இருப்பது 2023-ல் வெளியான ஆய்வில் தெரியவந்தது. யூரோப்பாவை ஆராய 2024 அக்டோபரில் புறப்பட்ட யூரோப்பா கிளிப்பர் 2030-ல் வியாழனை அடையும்.

நமக்கு என்ன பாடம்?

அடுத்த முறை "இன்னொரு பூமி" என்ற செய்தி வந்தால் பகிர்வதற்கு முன் சில கேள்விகள் கேளுங்கள். அதற்குக் காற்று இருப்பது உறுதியாகிவிட்டதா? அதன் நட்சத்திரம் எப்படிப்பட்டது? பருமன் என்ன? தண்ணீர் இருக்கலாம் என்கிறார்களா, இருக்கிறது என்கிறார்களா? உயிர் வாழத் தகுந்தது என்பதற்கும் உயிர் இருக்கிறது என்பதற்கும் நடுவே வெகுதூரம் இருக்கிறது.

அதைவிட முக்கியமான ஒன்று உண்டு. பூமியின் வெப்பச் சமநிலை தானே சரிசெய்துகொள்ளும் என்று படித்தோம். ஆனால் அதற்கு லட்சக்கணக்கான ஆண்டுகள் ஆகும். பாறைகளுக்குள் கோடிக்கணக்கான ஆண்டுகள் புதைந்து கிடந்த நிலக்கரியையும் எண்ணெயையும் நாம் இருநூறு ஆண்டுகளில் எரித்துக் காற்றில் கலந்துவிட்டோம். தொழிற்புரட்சிக்கு முன் பத்து லட்சத்துக்கு 280 பங்காக இருந்த கரியமில வாயு இன்று 420-ஐத் தாண்டிவிட்டது. இதனால் பூமி வெள்ளிக் கோளாகிவிடாது. ஆனால் நம் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் சந்திக்கப்போகும் வெயிலையும் வெள்ளத்தையும் கடல்மட்ட உயர்வையும் பாறை அரிப்பு வந்து தடுக்கப்போவதில்லை. அதை நாம்தான் தடுக்க வேண்டும்.

இதுவரை உறுதி செய்யப்பட்ட வேற்றுச் சூரியக் கோள்கள் ஆயிரக்கணக்கில் இருக்கின்றன. அவற்றில் காற்று, கடல், காந்தக் கவசம், வெப்பச் சமநிலை ஆகிய எல்லாம் ஒருசேர இருப்பதாக உறுதியானது ஒன்றுகூட இல்லை. அப்படி ஒன்று நாளை கிடைத்தாலும், 4 ஒளியாண்டு என்பதே நம் விண்கலங்களுக்குப் பல்லாயிரம் ஆண்டுப் பயணம். இருக்கும் இந்த ஒரே வீட்டைப் பழுதில்லாமல் வைத்துக்கொள்வதுதான் நம் முன்னுள்ள வேலை.